புகுந்த ஊர்

திருப்பத்தூர் என்னும் பெயர் பூண்ட ஊர் தமிழ்நாட்டில் ஒன்று மட்டும் அன்று. பாண்டிநாட்டில், காரைக்குடிக்கு அணித்தாக ஒரு திருப்பத்தூர் உண்டு. தேவாரம் பாடிய பெருமக்கள் திருப்புத்தூர் என்று போற்றிய தலம் அது. 1985ஆம் ஆண்டு மே மாத இறுதியில், திருப்பத்தூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணியேற்குமாறு கூறும் ஆணை என் கைக்கு வந்தது. என் மாமனார் அதனை வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். "பாடல் பெற்ற தலம்; மாப்பிள்ளை கொடுத்துவைத்தவர்" என்றார். நானும் அவ்வாறே எண்ணி மகிழ்ந்தேன். ஆணையை மறுமுறை படித்தபோதுதான் அதன் கீழ்வரியில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று இருத்தல் கண்ணிற் பட்டது. மாமனார் முகம் சுருங்கிற்று. "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். எனக்கும் அது தெரியவில்லை.

அந்நாளில் எனக்கு வயது 27. என் மனைவிக்கு 22. எங்கள் மகள் பத்து மாதக் குழந்தை. நாங்கள் இருவரும் மண்ணியாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். நான் தமிழ் பயின்றது திருப்பனந்தாள் காசித் திருமடத்துச் செந்தமிழ்க் கல்லூரியில். எங்கள் உறவினருள் கொள்ளிடத்தைத் தாண்டி வடக்கே சென்று குடியேறியவர் ஒருவரும் இலர். ஆதலால், ஏதோ கடல் கடந்து செல்வோரை வழியனுப்புவது போலவே எங்களை வழியனுப்பினார்கள். ஒரு தகரப்பெட்டி நிறைய நூல்கள். ஒரு சாக்கில் பித்தளைப் பாத்திரங்கள். தூளி கட்டுவதற்கென ஒரு பழம்புடைவை. இவையே எங்கள் குடித்தனம்.

கும்பகோணத்தில் விடியலில் புறப்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலை வழியாகச் சென்றோம். பிற்பகலில் பேருந்து செங்கத்தில் நின்றது. அப்பெயரைப் பலகையிற் கண்டவுடன் என் உள்ளம் துள்ளியது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் நன்னன் என்னும் வள்ளலைப் பாடுவது. அவனுடைய செங்கண்மா என்னும் மூதூரே இன்று செங்கம் என வழங்குகிறது. அந்நூலில் வரும் சேயாறு, சவ்வாது மலையிற் பிறந்து ஓடும் ஆறு. நன்னனிடம் பரிசில் பெற்று மீளும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கூத்தனுக்கு, எவ்வழியே செல்வது, எவ்வூரில் யார் வரவேற்பர், என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் எடுத்துச் சொல்வதாக அப்பாட்டு 583 அடிகளில் நடக்கும். கல்லூரியில் அதனை முழுதும் மனப்பாடம் செய்தவன் நான். "இதுதான் செங்கண்மா!" என்று என் மனைவியிடம் உரக்கக் கூறினேன். அவள், "குழந்தைக்கு வைத்திருந்த பால் திரிந்துவிட்டது. இங்கே பால் கிடைக்குமா, பாருங்கள்" என்றாள்.

தேநீர்க் கடைக்காரர் ஒருவர் பாலைக் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தார். "பச்சைக் குழந்தை குடிக்கிற பாலுக்குக் காசா?" என்று சொல்லிக் காசு வாங்க மறுத்துவிட்டார். பாட்டில் படித்த செய்தி கண்முன்னே நடந்தும், அதனை நான் அப்போது உணரவில்லை. பேருந்து புறப்பட்டுவிடுமே என்னும் கவலையே மிகுந்திருந்தது.

வடக்கே ஏலகிரியும் கிழக்கே சவ்வாது மலையும் எழுந்து நிற்க, இடையே அமைந்த ஊர் திருப்பத்தூர். 1792இல் கும்பினியார் பாரமகால் நாட்டைக் கைக்கொண்டபோது, அதன் முதல் தண்டலராக வந்த அலெக்சாந்தர் ரீடு இவ்வூரிலேயே தங்கினார். குடியானவரிடம் நேரே வரி வாங்கும் ரயத்துவாரி முறை முதலில் முயன்று பார்க்கப்பட்டது இப்பகுதியில்தான். மலையில் விளையும் சந்தன மரங்களைச் சேர்த்து ஏலம் விடும் அரசினர் கிடங்கு இங்கே இருத்தலால் சந்தன நகரம் என்னும் பெயரும் உண்டு. இன்று இது ஒரு மாவட்டத்தின் தலைநகர். 2019ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் முதல் அச்சிறப்பைப் பெற்றது. நாங்கள் சென்று இறங்கிய நாளில் இவற்றுள் ஒன்றும் என் கண்ணுக்குப் புலப்படவில்லை. ஊரை ஒட்டிய பாம்பாறு மணலாய்க் கிடந்தது. ஆறு என்றால் நீர் ஓடும் என்று எண்ணிப் பழகிய எங்களுக்கு அக்காட்சியே மனத்தைக் கலக்கிற்று.

ஓட்டு வீடு ஒன்றின் பாதிப் பகுதியை வாடகைக்குப் பிடித்தோம். மறுபாதியில் ஒரு மூதாட்டியும் அவருடைய மூத்த மகனும் மருமகளும் குடியிருந்தனர். பாட்டியை அவ்வூரார் ஆயா என்பர். நாங்களும் ஆயா என்றே அழைக்கத் தொடங்கினோம். முதல்நாளே ஒரு குழப்பம் நேர்ந்தது. வாடகை பேசுவதற்காக, அவருடைய மகன் எங்கே என்று கேட்டேன். "காலையிலேயே கொல்லைக்குப் போயிட்டான். பொழுது சாயத்தான் வருவான்" என்றார் ஆயா. நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் காவிரி நாட்டில் கொல்லை என்பது வீட்டின் பின்புறம். கொல்லைக்குப் போதல் என்பதற்கு அங்கே உள்ள பொருளை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. "காலை முதலா! வைத்தியரிடம் காட்டவில்லையா?" என்று என் மனைவி பரிவோடு கேட்டாள். ஆயா எங்களைப் பார்த்து விழித்தார். பின்பு செய்தி விளங்கியதும், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்று மாலைக்குள் தெரு முழுவதும் பரவிவிட்டது.

அவ்வூரில் நன்செய்யைக் கழனி என்பர். புன்செய்யைக் கொல்லை என்பர். இரண்டும் பழந்தமிழ்ச் சொற்கள். முல்லைநிலத்துப் புன்செய்யைச் சங்கப் புலவர்கள் கொல்லை என்றுதான் வழங்கினார்கள். அப்பாடல்களை உரையோடு ஓதியவன் நான். எனினும், 'இன்னா கண்ணு', 'இட்டுக்கினு வா' என்று பேசும் அம்மக்களின் பேச்சைக் கேட்டு, செந்தமிழ் வழங்காத நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று உள்ளூர இகழ்ந்தவனும் நானே. அவ்விகழ்ச்சியை நான் வெளியிற் காட்டியதில்லை. ஆனால் ஒருவரோடும் நெருங்கிப் பேசவும் இல்லை. பள்ளி முடிந்தால் வீடு. வீட்டிற்கு வந்தால் நூல். இவ்வாறே நான்கு மாதங்கள் கழிந்தன.

அந்நான்கு மாதங்களில் என் மனைவி பட்ட பாட்டை நான் பின்னரே முழுதும் அறிந்தேன். வாய்க்கால் நீரில் வளர்ந்தவள், ஆழ்கிணற்றில் நீர் இறைத்து உள்ளங்கை கொப்புளித்தாள். மூன்று வேளையும் அரிசிச் சோறு உண்டு பழகியவள், களி கிண்டக் கற்றாள். அப்பகுதியில் கேழ்வரகைக் கேவுரு என்பர். நொய்யரிசியை வேகவிட்டு, கேழ்வரகு மாவைக் கொட்டி, கட்டிபடாமல் துடுப்பால் கிண்டி உருட்டுவது களி. அதனை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. முதல்நாள் அதனை மென்று மென்று நான் பட்ட துன்பத்தைக் கண்டு ஆயாவின் மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்பதையும், அரிசியில் அதில் ஒரு சிறு பங்கே உண்டு என்பதையும் இன்று எல்லாரும் அறிவர். அன்று எனக்கு அது ஏழையர் உணவாக மட்டுமே தோன்றிற்று. இந்த அறியாமையைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் உண்டு; ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

சில இரவுகளில், குழந்தை உறங்கிய பின், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுவதை அறிந்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேளாமலே காரணம் எனக்குத் தெரியும் என்று எண்ணினேன். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள், அவளிடம் ஒரு சொல்லும் சொல்லாமல், தஞ்சை மாவட்டத்திற்கு மாறுதல் வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதி அஞ்சலிற் சேர்த்தேன். காரணம் என்னும் இடத்தில் 'குடும்பச் சூழ்நிலை' என்று குறித்தேன்.

எங்கள் தெருவின் கோடியில் ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் இருந்தார். நான் தமிழாசிரியன் என்று அறிந்து, ஒரு மாலை அவராகவே என்னைத் தேடி வந்தார். "மு.வ.வும் இந்த ஊரில்தான் தமிழ் சொல்லிக்கொடுத்தார், தெரியுமா ஐயா?" என்று கேட்டார். அறிஞர் மு. வரதராசனாரின் வரலாற்றை நான் படித்தவன்தான். ஆனால் அதில் வரும் திருப்பத்தூரும் நான் வெறுத்துக்கொண்டிருந்த ஊரும் ஒன்றே என்பது அன்றுதான் நெஞ்சில் தைத்தது. வேலம் என்னும் சிற்றூரைச் சேர்ந்த அவர் உயர்நிலைக் கல்வி கற்றது இவ்வூரில். பள்ளியிறுதித் தேர்வுக்குப் பின் இவ்வூர்த் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். உடல் நலிந்து அவ்வேலையை விட்டு நீங்கினார். நோயின் ஓய்விலும் தமிழ் நூல்களைத் தாமே பயின்று, 1935இல் வித்துவான் தேர்வில் மாகாணத்தில் முதல்வராகத் தேறினார். அதற்காக அவருக்கு 1,000 ரூபாய்ப் பரிசு அளித்தது நான் கற்ற கல்லூரியை நடத்தும் திருப்பனந்தாள் திருமடமே. அதே ஆண்டில் தம் மாமன் மகளாரை மணந்தார். அதே ஆண்டில், நோயோடு விட்டு நீங்கிய இதே ஊருக்கு நகராட்சி உயர்நிலைப் பள்ளியின் தமிழாசிரியராக மீண்டும் வந்தார். 1939இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குச் செல்லும் வரையில் அவர் வாழ்க்கை இங்கேதான். பிற்காலத்தில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக விளங்கி 1974இல் மறைந்த அப்பெருமகனாரும், ஒரு காலத்தில் இவ்வூரில் புதுக்குடித்தனக்காரராக அரிசியும் விறகும் வாங்கியவர்தாமே என்று நினைத்தேன்.

முதியவர் அத்தோடு நிறுத்தவில்லை. 1921இல் சவரிராயன் சேசுதாசன் என்னும் தமிழரும் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டினரும் இங்கே நிறுவிய கிறிஸ்துகுல ஆசிரமத்தைப் பற்றியும் சொன்னார். இருவரும் மருத்துவர், மணம் புரியாமல் கதராடை உடுத்துத் தொண்டு செய்தவர். ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் மக்கள் அழைத்தனர். "வெள்ளைக்காரர் ஒருவரைச் சின்னண்ணன் என்று கூப்பிட்ட ஊர் இது. உங்களை இன்னும் தெருவில் யாரும் முறைசொல்லிக் கூப்பிடவில்லையே, ஏன் ஐயா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். எனக்குச் சற்றே சினம் வந்தது. தமிழாசிரியரை 'ஐயா' என்று அழைத்தால் போதாதா என்று எண்ணிக்கொண்டேன்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. ஒரு நாள் வகுப்பில் பழம்பாடல் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். அதில் சாமை என்னும் சொல் வந்தது. "சாமை ஒரு சிறுதானியம், புன்செய்யில் விளைவது" என்று உரையாசிரியர் கூறிய அளவில் கூறி மேலே சென்றேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அதன் கதிர் எப்படி இருக்கும்?" என்று கேட்டான். அவன் சவ்வாது மலையில் புதூர்நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவன். ஐயுற்றுக் கேட்கிறானா, என்னை ஆராய்கிறானா என்று விளங்கவில்லை. நெற்கதிர் போல இருக்கும் என்று துணிந்து சொன்னேன். வகுப்பில் மலையிலிருந்து வந்த நால்வர் தலைகுனிந்து சிரித்தனர். அடுத்த திங்கட்கிழமை அவன் தன் பையிலிருந்து பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு கதிரை எடுத்து என் மேசைமேல் வைத்தான். மெல்லிய காம்புகள் விரிந்து, ஒவ்வொரு காம்பின் நுனியிலும் கடுகினும் சிறிய மணிகள் தொங்க, தொட்டால் உதிர்வது போல நுண்ணிதாக இருந்தது அது. அதுவரை என் வாழ்நாளில் சாமைக் கதிரை நான் கண்டதில்லை. அவனைப் பாராட்டி ஒரு சொல் சொன்னேனா என்பது இன்று நினைவில்லை. அக்கதிரை மட்டும் மலைபடுகடாம் உரைநூலின் ஏடுகளுக்கிடையே வைத்துக்கொண்டேன். அது இன்றும் என்னிடம் இருக்கிறது.

அவ்வாரத்திலேதான் குழந்தைக்கு நோய் கண்டது.

மாலையில் தொடங்கிய கழிச்சல் இரவு பத்து மணிக்குள் குழந்தையை வாடிய தளிர் போல ஆக்கிவிட்டது. அழக்கூட அதற்கு வலிமை இல்லை. கண்கள் உள்ளே ஒடுங்கின. வெளியே மழை கொட்டிற்று, மின்விளக்கும் இல்லை. நான் செய்வது அறியாமல் நின்றேன். யாரைக் கூப்பிடுவது? அத்தெருவில் யார் வீடு எது என்பதே எனக்குத் தெரியாது. என் மனைவி நில்லாமல் மழையில் இறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "பாயம்மா, குழந்தைக்கு முடியவில்லை!" என்று குரல் கொடுத்தாள். அவ்வீட்டுக்காரர் ஜட்கா வண்டி ஓட்டுபவர். அவர் ஒரு கேள்வியும் கேளாமல் குதிரையைப் பூட்டினார். ஆயா ஒரு கோணிப்பையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, எங்களுக்கு முன்பே வண்டியில் ஏறி அமர்ந்துவிட்டார்.

மருத்துவமனையில் இருந்த இளம்பெண் மருத்துவர் குழந்தையின் தோலைக் கிள்ளிப் பார்த்தார். "கழிச்சலில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் உடல் நீர் வற்றுவதுதான். நீரைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது" என்றார். காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், அதில் மட்டமாக ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு: இதனைக் கலந்து சிறிது சிறிதாக ஊட்டச் சொன்னார். இரவு முழுவதும் என் மனைவியும் ஆயாவும் மாறி மாறி ஊட்டினர். வைகறையில் குழந்தை சிறுநீர் கழித்தது. "பொழைச்சுக்கிச்சு கண்ணு!" என்று ஆயா கைதட்டினார். அதைவிட இனிய செய்தியை நான் இந்நாள்வரை கேட்டதில்லை.

பொழுது விடிந்தது. அதன்பின் நான் கண்டதே என்னைத் திகைக்க வைத்தது. பெண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்துகொண்டே இருந்தனர். ஒருத்தி வெந்நீர் கொண்டுவந்தாள். ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள். பாயம்மா துவைத்து உலர்ந்த துணிகளைக் கொணர்ந்தார். ஒருவர் வனக்காவலரின் மனைவி. ஒருவர் பீடி சுற்றுபவர். ஒருவர் பூக்கட்டி விற்பவர். எல்லாரும் என் மனைவியைத் 'தஞ்சாவூர்ப் பொண்ணு' என்று அழைத்து, அவள் தோளிற் கைவைத்துப் பேசினர். அவளும் ஒவ்வொருவரிடமும் அவரவர் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி நலம் கேட்டாள். என்னைக் கண்டு மட்டும் அவர்கள் விலகி நின்று, "வாத்தியார் ஐயா" என்று மெல்லக் கூறினர்.

பின்னர் ஆயாவிடம் கேட்டறிந்தேன். ஆயாவின் இளைய மகன் படையில் இருந்தான். அவனுக்கு மடல் எழுதித் தரச் சொல்லி முதன்முதலில் ஆயாதான் கேட்டிருக்கிறார். பிறகு அத்தெருப் பெண்கள் பலருக்கும் அவள் மடல் எழுதுபவள் ஆகிவிட்டாள். பிற்பகல்தோறும் எங்கள் திண்ணையில் ஐந்தாறு பேர் கூடுவர். அவள் எழுதுவாள். அவர்கள் குழந்தையை எடுத்து வைத்துக்கொள்வர். கீரை ஆய்ந்து கொடுப்பர். கிளை நூலகத்திலிருந்து மு.வ.வின் 'தங்கைக்கு' என்னும் நூலை எடுத்துவந்து அவர்களுக்குப் படித்தும் காட்டியிருக்கிறாள். நான் வீட்டுக்கு வரும் நேரத்திற்குள் திண்ணை வெறிதாகிவிடும். நான்கு மாதமாக என் வீட்டுத் திண்ணையில் நடந்தது எனக்குத் தெரியாது. வனக்காவலரின் மனைவி அவளுக்குச் சொல்லியதாக அவள் எனக்கு ஒரு நாள் சொன்ன செய்தி அப்போது நினைவுக்கு வந்தது. சந்தனக் கன்றைத் தனியே நட்டால் அது தழைக்காதாம். அதன் வேர்கள் பக்கத்துச் செடிகளின் வேர்களைப் பற்றி அவற்றிலிருந்தும் உணவு கொள்பவை. ஆதலால் கன்றின் அருகில் துவரையை நடுவார்களாம். நூலிலிருந்து தலையை எடுக்காமலே, "அப்படியா" என்று நான் விடையளித்திருந்தேன்.

குழந்தை வீடு திரும்பிய இரவில், மாறுதலுக்கு விண்ணப்பித்த செய்தியை என் மனைவியிடம் சொன்னேன். அவள் மகிழ்வாள் என்ற எண்ணம் அப்போதும் எனக்குச் சிறிது இருந்தது.

"யாருக்காக எழுதினீர்கள்?" என்று கேட்டாள்.

"உனக்காகத்தான். இரவில் நீ அழுவது எனக்குத் தெரியும்."

அவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் அழுதது உண்மை. ஊர் பிடிக்காமல் அழவில்லை. பகலெல்லாம் இவர்களோடு பேசுகிறேன். மாலையில் நீங்கள் வருகிறீர்கள். வந்தும் வராதவர் போல இருக்கிறீர்கள். அதற்குத்தான் அழுதேன். தஞ்சாவூருக்குப் போனால் அது மாறிவிடுமா?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. விளக்கின் திரியைத் தாழ்த்திவிட்டுப் படுத்தேன். உறக்கம் வரவில்லை.

மறுநாள் மாலை, பள்ளியிலிருந்து வந்ததும் நூலை எடுக்காமல் திண்ணையில் அமர்ந்தேன். மடல் எழுதுவிக்க வந்த பெண்கள் என்னைக் கண்டு திரும்பிப் போய்விட்டனர். இரண்டாம் நாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் ஆயா வந்து என் அருகில் உட்கார்ந்து, "எழுதுப்பா" என்றார். அன்று நான் எழுதியது படிப்பதற்கு மிக நன்றாக இருந்தது. ஆனால் ஆயா, "நான் சொன்னது இது இல்லையே. 'உன் மாடு கன்னு போட்டிருக்குது' என்று சொன்னேன், நீ வேற என்னமோ எழுதியிருக்கே" என்றார். 'நினது ஆ கன்று ஈன்றது' என்று நான் எழுதியிருந்தேன். அடித்துவிட்டு அவர் சொன்னபடியே எழுதினேன்.

1986ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில், சாமைக்கதிர் கொணர்ந்த மாணவன் எங்களைத் தன் ஊருக்கு அழைத்தான். பேருந்து சென்ற மட்டும் சென்று, எஞ்சிய வழியை நடந்தோம். மலையில் பல சிற்றூர்கள் சேர்ந்த தொகுதியை 'நாடு' என்றே வழங்குகின்றனர். புதூர்நாடு, நெல்லிவாசல் நாடு, புங்கம்பட்டு நாடு என்பன அவற்றுட் சில. சோழநாடு, பாண்டிநாடு என்று நூலிற் படித்த சொல், அங்கே சில குடிசைகளுக்கும் சில புன்செய்களுக்கும் பெயராக நின்றது. மாணவனின் தந்தை, காவல் காக்கும் பரணையும், பன்றி வரும் தடத்தையும் காட்டினார். அவன் தாய் சாமைச் சோறு வட்டித்து, அதன்மேல் தேனை ஊற்றினார். என் மகள் அம்முதியவளின் மடியிலிருந்து இறங்க மறுத்துவிட்டாள்.

அன்றிரவு முற்றத்தில் படுத்தோம். எங்கும் விளக்கில்லை. வானில் விண்மீன்கள் நிறைந்திருந்தன. அவ்வளவு இருளைக் கண்டு என் மனைவி அஞ்சினாள். அந்த இருளை நாடித்தான் வானியலார் அம்மலைக்கு வந்தனர் என்று அவளுக்குச் சொன்னேன். ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், நம் நாட்டிலேயே அமைத்த 2.3 மீட்டர்த் தொலைநோக்கி, அந்தச் சனவரித் திங்கள் 6ஆம் நாள்தான் தொடங்கி வைக்கப்பட்டிருந்தது. அந்நிலையத்திற்கு வித்திட்ட வைணு பாப்பு என்னும் அறிஞர் அதனைக் காணாமல் 1982இலேயே மறைந்துவிட்டார். அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. இவற்றையெல்லாம் நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் உறங்கிவிட்டாள். மாணவனின் தந்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆமாம் வாத்தியாரே, எங்களுக்கு அந்த மீனெல்லாம் தெரியும்" என்று சொல்லி, ஆறாமீனைக் காட்டி, அதனைக் கொண்டு இரவில் பொழுதறியும் முறையை எனக்குக் கற்பித்தார்.

விண்ணப்பத்தை நான் மறந்தே போனேன். ஆனால் அலுவலகம் அதனை மறக்கவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் நண்பகல், கும்பகோணத்தை அடுத்த ஒரு பள்ளிக்கு என்னை மாற்றிய ஆணை அஞ்சலில் வந்தது. தபால்காரர் படித்துவிட்டாரோ, யார் சொன்னாரோ, நான் வீட்டினுள் நுழைவதற்குள் தெருவுக்குச் செய்தி தெரிந்துவிட்டது. ஆயா ஒன்றும் பேசவில்லை. தம் பகுதிக்குள் சென்று, இரண்டு படி கேழ்வரகு மாவை ஒரு துணியில் முடிந்துகொண்டுவந்து எங்கள் வாயிற்படியில் வைத்தார். "அங்கே கெடைக்காது. பாப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடு" என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டார்.

என் மனைவி அம்மூட்டையை எடுக்கவும் இல்லை. என்னை ஒன்றும் கேட்கவும் இல்லை. வாயிற்படியிலேயே நின்று என்னைப் பார்த்தாள். நான் திண்ணையில் அமர்ந்து ஒரு தாளை எடுத்தேன். மாறுதல் ஆணையை நீக்கி, இப்பொழுது உள்ள பள்ளியிலேயே பணியாற்ற இசைவளிக்குமாறு எழுதினேன். காரணம் என்னும் இடம் வந்தது. சற்றே எண்ணிப் பார்த்தேன். வேறு சொல் எதுவும் தோன்றவில்லை. முன்பு எழுதிய அவ்விரண்டு சொற்களையே மீண்டும் எழுதினேன்: குடும்பச் சூழ்நிலை.

மை உலர்வதற்குள் எதிர்வீட்டுப் பாய் வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து, "அஞ்சல் நிலையம் மூடுவதற்கு இன்னும் அரைமணி இருக்குது, அண்ணே! ஏறுங்க" என்றார்.